காலியம் ஆர்சனைடு ஏன் சிலிக்கனின் இடத்தைப் பிடிக்கவில்லை?

மின்னணுவியல் படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி: "காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரான், சிலிக்கனில் ஓடுவதைவிட ஆறு மடங்கு வேகமாக ஓடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் கணினிச் சிப்பை ஏன் சிலிக்கனிலேயே செய்கிறார்கள்? இந்தப் பொருளுக்கு இன்றைக்கு நிஜமான பயன் உண்டா, இல்லை பரீட்சையில் இரண்டு மதிப்பெண் வாங்க மட்டும்தானா? ஆர்சனிக் விஷமாயிற்றே, கையாள்வது ஆபத்தில்லையா?"

பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் போன் டவரோடு பேசுவது பெரும்பாலும் ஒரு காலியம் ஆர்சனைடு (காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த குறைகடத்திப் படிகம்) சிப்பின் தயவில்தான். அதே போனின் பிராசசரோ முழுக்க முழுக்க சிலிக்கன். ஒரே போனுக்குள் வேலை இப்படிப் பிரிந்து கிடப்பதற்குக் காரணம், அந்த "ஆறு மடங்கு" என்ற எண் சொல்லாமல் விடும் சங்கதிகள்.

முதலில் அந்த எண்ணையே பார்த்துவிடுவோம். அறை வெப்பநிலையில், அதிகம் மாசு கலக்காத காலியம் ஆர்சனைடில் எலக்ட்ரானின் மொபிலிட்டி (மின்புலத்தில் எவ்வளவு எளிதாக நகரும் என்ற அளவு) சுமார் 8500 செ.மீ²/வோல்ட்-வினாடி. சிலிக்கனில் சுமார் 1400. வகுத்தால் ஆறு வரும், சரிதான். இந்தப் படிகத்துக்குள் எலக்ட்ரான் தன் உண்மையான நிறையில் 0.067 பங்கு மட்டுமே உள்ளதுபோல நடந்துகொள்கிறது. அவ்வளவு லேசானதைத் தள்ளுவது சுலபம். ஆனால் மொபிலிட்டி என்பது மின்புலம் குறைவாக இருக்கும்போது பொருந்தும் அளவு. மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் கல்லூரி மைக்ரோவேவ் லேபிலேயே பார்க்கலாம்.

எக்ஸ்-பேண்ட் பெஞ்சின் ஒரு முனையில் கன் ஆசிலேட்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் கன் டயோடு பொதுவாக ஒரு சின்னத் துண்டு காலியம் ஆர்சனைடு. பெயர் டயோடு என்றாலும் உள்ளே பி-என் சந்திப்பு கிடையாது, எல்லாமே என்-வகைதான் (மின்சாரத்தை எலக்ட்ரானே சுமக்கும் வகை). வோல்டேஜ் குமிழை மெல்லத் திருப்பினால் கரண்ட் ஏறும். மூன்று நான்கு வோல்ட் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு வோல்டேஜைக் கூட்டக் கூட்டக் கரண்ட் இறங்கும். பத்து வோல்ட்டைத் தாண்டாதே என்று லேப் அசிஸ்டென்ட் அதட்டுவார். அந்த வரைபடத்தை ரெக்கார்டில் ஒட்டிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உண்மையில் உங்கள் கேள்விக்கான முதல் பதில் அந்த இறங்குமுகத்தில்தான் இருக்கிறது. மின்புலம் செ.மீ.க்கு மூவாயிரத்துச் சொச்சம் வோல்ட்டைத் தாண்டியதும், லேசாக ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் ஆற்றல் கூடி, ஆற்றல் பட்டையின் (படிகத்தில் எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல் நிலைகளின்) வேறொரு பள்ளத்தாக்குக்குத் தாவிவிடுகின்றன. அங்கே அவற்றின் நிறை பல மடங்கு அதிகம். வினாடிக்கு சுமார் 200 கிலோமீட்டர் என்ற உச்ச வேகம் சரிந்து, கடைசியில் சிலிக்கனின் உச்ச வேகமான 100 கிலோமீட்டர் பக்கம் வந்துவிடும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஜே.பி. கன் 1963-இல் இதனால் எழும் மைக்ரோவேவ் அலைவுகளைக் கண்டார், பெயர் அவருடையது.

இப்போது ஒரு கணக்கு. நூறு நானோமீட்டர் நீளமுள்ள டிரான்சிஸ்டரில் ஒரு வோல்ட் கொடுத்தால் மின்புலம் செ.மீ.க்கு ஒரு லட்சம் வோல்ட். கன் டயோடு தடுமாறும் எல்லையைப் போல முப்பது மடங்கு. அதாவது, டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக ஆறு மடங்கு என்ற அனுகூலம் கரைகிறது. முழுவதும் கரைவதில்லை; தூரம் மிகக் குறைவாக இருந்தால் எலக்ட்ரான் அந்தக் கனமான பள்ளத்தாக்குக்குத் தாவும் முன்பே மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் மைக்ரோவேவ் டிரான்சிஸ்டர்களில் லாபம் மிஞ்சுகிறது. ஆனால் அது ஆறு மடங்கு இல்லை.

அப்புறம், எலக்ட்ரான் பாதிக் கதைதான். இன்றைய பிராசசர் முழுவதும் சிமாஸ் முறை: எலக்ட்ரானால் இயங்கும் ஒரு டிரான்சிஸ்டர், துளையால் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம், நேர்மின்னூட்டம்போல நகரும்) இயங்கும் ஒரு டிரான்சிஸ்டர் என்று ஜோடி போட்டு வேலை செய்யும். ஜோடியில் எப்போதும் ஒன்று மூடியிருப்பதால் சும்மா இருக்கும்போது கரண்ட் கிட்டத்தட்டச் செலவாகாது. காலியம் ஆர்சனைடில் துளையின் மொபிலிட்டி சுமார் 400; சிலிக்கனில் 450. துளை விஷயத்தில் சிலிக்கனே ஒரு படி மேல். எலக்ட்ரானுக்கும் துளைக்கும் இருபது மடங்கு வித்தியாசம் இருக்கும்போது எப்படி ஜோடி சேர்ப்பது?

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பார்கள். சமாளிக்க முடியாமல் போனது ஆக்சைடு விஷயம். என்னைக் கேட்டால், சிலிக்கனின் வெற்றிக்கு சிலிக்கனைவிட சிலிக்கன் டை ஆக்சைடுக்குத்தான் அதிக நன்றி சொல்ல வேண்டும். சிலிக்கன் வேஃபரை (சிப் செய்யும் மெல்லிய வட்டத் தகட்டை) ஆக்சிஜன் உள்ள உலையில் சூடாக்கினால், அதன்மேல் தானாகவே ஒரு கண்ணாடிப் படலம் வளர்கிறது. மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும், தண்ணீரில் கரையாது, அடியில் உள்ள சிலிக்கனோடு குறையில்லாமல் ஒட்டிக்கொள்ளும். சிமாஸ் ஜோடியில் இருக்கும் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டரே அந்தப் படலத்தின்மேல்தான் நிற்கிறது. காலியம் ஆர்சனைடை அப்படிச் சூடாக்கினால் காலியத்தின் ஆக்சைடும் ஆர்சனிக்கின் ஆக்சைடும் கலந்த ஏதோ ஒன்று வரும். அந்த எல்லைப் பரப்பு முழுவதும் குறைகள். அவை எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே கேட் என்ற, டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் முனையில் வோல்டேஜை மாற்றினாலும் உள்ளே இருக்கும் குறைகடத்திக்கு அது எட்டாது. இதைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் முயன்றார்கள். கடைசியில் ஆக்சைடே வேண்டாம் என்று உலோகத்தை நேரடியாகப் படிகத்தின்மேல் வைக்கும் மெஸ்ஃபெட் முறைக்குப் போனார்கள். அது வேலை செய்யும், வேகமாகவும் செய்யும். ஆனால் கேட்டில் அரை வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டினாலே கரண்ட் ஒழுகும். லாஜிக் சர்க்யூட் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும்.

இதையெல்லாம் மீறி ஒருவர் துணிந்தார். சூப்பர் கம்ப்யூட்டர்களின் தந்தை என்று பெயரெடுத்த சீமோர் கிரே, தன் கிரே-3 இயந்திரத்தை காலியம் ஆர்சனைடு சிப்புகளால் கட்டினார். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள வளிமண்டல ஆய்வு மையத்துக்கு 1993-இல் ஒரே ஒரு இயந்திரம் போனது. 1995-இல் அந்த நிறுவனம் திவாலானது. சிப் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பனிப்போர் முடிந்து வாங்க ஆளில்லாமல் போனதும், விலை குறைந்த சிமாஸ் பிராசசர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துக் கட்டும் முறை வந்ததும் சேர்ந்துகொண்டன. அந்தக் காலத்துப் பொறியாளர்களிடையே ஒரு கிண்டல் உலவியது: காலியம் ஆர்சனைடுதான் எதிர்காலத்தின் பொருள், என்றைக்கும் அது எதிர்காலத்தின் பொருளாகவேதான் இருக்கும்.

வெப்பம், விலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிலிக்கன் வெப்பத்தைக் கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது கடத்தும். வேஃபர் பெரும்பாலும் 150 மில்லிமீட்டர், சிலிக்கனில் 300. படிகம் வளர்ப்பதும் தொல்லை. 1238 டிகிரியில் உருகும்போது ஆர்சனிக் ஆவியாகிப் பறந்துவிடும். அதைத் தடுக்க, உருகிய குழம்பின் மேல் போரான் ஆக்சைடை உருக்கி மூடிபோல மிதக்கவிட்டு, அழுத்தத்தில் வைத்து, அதன் வழியாகப் படிகத்தை மேலே இழுப்பார்கள். வந்த வேஃபரும் சிலிக்கனைவிட எளிதில் உடையும்.

சரி, இவ்வளவு குறைகளை வைத்துக்கொண்டு இது எப்படிப் பிழைத்தது? முதல் காரணம் வெளிச்சம்.

சிலிக்கனில் கடத்துப் பட்டையின் (எலக்ட்ரான் தாராளமாக ஓடும் மேல் பட்டை) அடிப்பகுதியும் இணைதிறன் பட்டையின் (அது கட்டுண்டு கிடக்கும் கீழ்ப் பட்டை) உச்சியும் ஒரே உந்தத்தில் இல்லை. எலக்ட்ரான் கீழே விழுந்து துளையோடு சேர வேண்டுமானால் ஆற்றலை மட்டும் விட்டால் போதாது, உந்தத்தையும் எங்காவது இறக்கி வைக்க வேண்டும். ஃபோட்டானால் (ஒளித்துகளால்) அவ்வளவு உந்தத்தைச் சுமக்க முடியாது. படிகத்தின் அதிர்வு ஒன்று சரியான நேரத்தில் வந்து உதவ வேண்டும். காலியம் ஆர்சனைடில் இரண்டும் நேருக்கு நேர். நின்ற பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கும் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது இரண்டு பட்டைக்கும் நடுவே உள்ள உயரம், 1.42 எலக்ட்ரான் வோல்ட். வரும் ஒளி சுமார் 870 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பியார்டும் பிட்மனும் 1961-இல் இந்த அகச்சிவப்பைக் கவனித்தார்கள். அடுத்த ஆண்டே ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் ஹால் இதை லேசராக்கினார். லேசருக்கு இரண்டு பக்கமும் கண்ணாடி வேண்டும். இங்கேதான் இந்தப் படிகத்தின் ஒரு பலவீனம் வசதியாகிப் போகிறது. வேஃபரின் ஓரத்தில் வைர முனையால் ஒரு சிறு கீறல் போட்டு லேசாக அழுத்தினால், அணுத் தளத்தின் வழியே நேர்கோடாகப் பிளந்துகொள்ளும். பிளந்த முகம் பரப்புக்குச் செங்குத்தாக, மெருகே போடாமல் பளபளக்கும். ஒளிவிலகல் எண் 3.6 என்பதால் அந்த முகம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். லேசர் இயங்க அது போதும். பின்னால் வந்த லேசர் டயோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படிப் பிளந்த முகமே கண்ணாடி.

ஹாலின் லேசர் திரவ நைட்ரஜன் குளிரில், துடிப்பு துடிப்பாகத்தான் எரிந்தது. அதை அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்தது, இந்தப் பொருளின் இன்னொரு அதிர்ஷ்டம். அலுமினியம் ஆர்சனைடின் படிகக் கூட்டின் பக்க நீளமும் (லாட்டிஸ் மாறிலி) இதன் பக்க நீளமும் கிட்டத்தட்ட ஒன்று: 5.661 ஆங்ஸ்ட்ராம், 5.653 ஆங்ஸ்ட்ராம். எனவே காலியம் ஆர்சனைடின் மேல் அலுமினியம் கலந்த அடுக்கை விரிசல் இல்லாமல் வளர்க்கலாம். அலுமினியம் கலந்த அடுக்குக்கு ஆற்றல் இடைவெளி அதிகம். இரண்டு பக்கமும் அதை வைத்து நடுவில் காலியம் ஆர்சனைடை வைத்தால், எலக்ட்ரானும் துளையும் ஒளியும் மூன்றும் நடு அடுக்குக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஹெர்பர்ட் குரோமரும் சோவியத்தின் ஜோரஸ் அல்ஃபெரோவும் தனித்தனியாக 1963-இல் முன்வைத்த யோசனை இது. 1970-இல் அல்ஃபெரோவின் குழுவும், பெல் லேப்ஸில் ஹயாஷியும் பானிஷும், அறை வெப்பநிலையில் இடைவிடாமல் எரியும் லேசரைச் செய்து காட்டினார்கள். குரோமருக்கும் அல்ஃபெரோவுக்கும் 2000-இல் நோபல் கிடைத்தது. அந்த ஆண்டு இயற்பியல் பரிசின் மறுபாதி, ஒருங்கிணைந்த சுற்றுக்காக ஜாக் கில்பிக்குப் போனது.

சி.டி. பிளேயருக்குள் இருந்த 780 நானோமீட்டர் லேசர் இந்தக் குடும்பம்தான். டி.வி. ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்.இ.டி.யும் பெரும்பாலும் இந்தக் குடும்பமே. ரிமோட்டைப் போனின் முன் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பட்டனை அழுத்தினால் ஊதா கலந்த வெளிச்சம் மின்னுவது தெரியும். (பின் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பு வடிகட்டி பலமாக இருப்பதால் தெரியாது.) டிராஃபிக் சிக்னலின் சிவப்பு எல்.இ.டி.யில் ஒளி தரும் அடுக்கு வேறு கலவை என்றாலும், அதை வளர்ப்பது காலியம் ஆர்சனைடு வேஃபரின் மேல். டேட்டா சென்டர்களில் ரேக்குக்கு ரேக் ஓடும் குறுந்தூர ஃபைபர்களில் 850 நானோமீட்டர் விக்சல் லேசர்கள். விக்சல் என்பது ஓரத்தில் ஒளி விடாமல் பரப்பிலிருந்து நேர் மேலே ஒளி விடும் வகை. மேலும் கீழும் அலுமினிய அளவு மாறி மாறி வரும் மெல்லிய அடுக்குகளைப் பத்துக்கணக்கில் அடுக்கி, அவற்றையே கண்ணாடியாக்குகிறார்கள். 2017-இல் ஐஃபோன் எக்ஸ் முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறந்தபோது, முகத்தின்மேல் 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளைத் தூவியது இந்த வகை லேசர்தான்.

வெளிச்சத்தை நன்றாகக் கொடுப்பது நன்றாக வாங்கவும் செய்யும். சூரிய ஒளியை விழுங்க சிலிக்கனுக்கு நூறு மைக்ரோமீட்டர் அளவுக்குத் தடிமன் வேண்டும். இதற்கு இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் போதும். விண்வெளிக் கதிர்வீச்சையும் சூட்டையும் சிலிக்கனைவிட நன்றாகத் தாங்கும். சோவியத்தின் லூனோகோட் ஊர்தி 1970-இல் நிலவில் இதை வைத்துத்தான் மின்சாரம் எடுத்தது. 2004-இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளில் மூன்றடுக்கு செல்கள்: மேலே காலியம் இண்டியம் பாஸ்பைடு, நடுவில் காலியம் ஆர்சனைடு, அடியில் ஜெர்மானியம். ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். இன்று செயற்கைக்கோள் இறகுகளில் இந்த வகைதான் அதிகம், திறன் 30 சதவீதத்தை ஒட்டி வரும். அப்படியானால் வீட்டுக் கூரையில் ஏன் போடுவதில்லை? விலை. ராக்கெட்டில் ஒவ்வொரு கிலோவுக்கும் கொட்டிக் கொடுப்பவர்களுக்குக் கட்டுபடியாகும், நமக்குக் கட்டாது.

இரண்டாவது காரணம் ரேடியோ அலைகள். ஆற்றல் இடைவெளி பெரிது என்பதால், மாசில்லாத காலியம் ஆர்சனைடில் அறை வெப்பநிலையில் ஒரு கன செ.மீ.க்கு சுமார் இருபது லட்சம் எலக்ட்ரான்களே தானாகக் கிளம்பும். சிலிக்கனில் அது ஆயிரம் கோடி. படிகத்தில் இயல்பாகவே இருக்கும் சில குறைகள் மிச்சம் மீதி மின்னூட்டங்களையும் கட்டிப்போட, வேஃபரே கிட்டத்தட்ட மின்காப்புப் பொருள் ஆகிவிடும். மின்தடைமை பத்துக் கோடி ஓம்-செ.மீ. வரை போகும். பாடப்புத்தகங்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. ஆனால் மைக்ரோவேவ் ஆட்களுக்கு ஆறு மடங்கு மொபிலிட்டிக்குச் சமமான வரம் இது. சாதாரண சிலிக்கன் வேஃபரின்மேல் ஒரு சுருளையோ மின்தொடர் பாதையையோ வரைந்தால், அடியில் இருக்கும் சிலிக்கன் சிக்னலின் ஒரு பகுதியைத் தின்று வெப்பமாக்கிவிடும். இங்கே அந்த இழப்பு மிகக் குறைவு. டிரான்சிஸ்டரையும் சுருளையும் மின்தேக்கியையும் ஒரே சிப்பில் வரைந்துவிடலாம். ஹைதராபாத்தில் டி.ஆர்.டி.ஓ. சார்ந்த கேடெக் மையம் செய்துவருவது இப்படிப்பட்ட சிப்புகளைத்தான், பெரும்பாலும் பாதுகாப்பு, விண்வெளித் தேவைகளுக்காக.

போனில் இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையர் இதே பொருளில் செய்த பைபோலார் டிரான்சிஸ்டர். டவருக்கு அனுப்ப வேண்டிய சிக்னலை ஒரு வாட் அளவுக்கு ஏற்ற வேண்டும், பேட்டரியும் சீக்கிரம் தீரக் கூடாது. சிமாஸ் சிப்பிலேயே இதையும் செய்துவிடப் பல நிறுவனங்கள் முயன்றன. மலிவுப் போன்களில் கொஞ்சம் இடம் பிடித்தன, அவ்வளவுதான். மொட்டைமாடி டி.டி.எச். டிஷ்ஷின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் வேறு வகை. அங்கே 36,000 கிலோமீட்டர் தாண்டி வரும் மெலிந்த சிக்னலை, சொந்த இரைச்சலைச் சேர்க்காமல் பெருக்க வேண்டும். அதற்கு ஹெம்ட் டிரான்சிஸ்டர்: எலக்ட்ரான்களைக் கொடுக்கும் மாசுகளை ஒரு அடுக்கில் வைத்துவிட்டு, எலக்ட்ரான்களைப் பக்கத்து மாசில்லாத அடுக்கில் ஓடவிடும் தந்திரம். ஜப்பானின் புஜித்சு நிறுவனத்தில் மிமுரா கண்டுபிடித்தது. முதலில் நொபெயாமா ரேடியோ தொலைநோக்கிக்குப் போய், பிறகுதான் வீட்டு டிஷ்ஷுக்கு வந்தது.

விஷம் பற்றிக் கேட்டீர்கள். சிப்பாகப் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்ட காலியம் ஆர்சனைடால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. தொழிற்சாலையில் நிலைமை வேறு. வேஃபரை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்குள் போகக் கூடாது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தருவன என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதைவிடப் பயப்பட வேண்டியது, அடுக்கு வளர்க்கப் பயன்படும் ஆர்சைன் வாயு. அமெரிக்காவில் பணியிடக் காற்றில் அதற்கு அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் 0.05 பங்கு. லேபில் உடைந்த வேஃபர் துண்டு கிடைத்தால் கையுறை போட்டு எடுத்து, தனிக் கழிவு டப்பாவில் போடுங்கள். சாதாரணக் குப்பையில் போடாதீர்கள்.

காலியம் பக்கம் விஷப் பிரச்சினை இல்லை. 29.8 டிகிரியில் உருகும் உலோகம், சென்னை மே மாதத்தில் மேசைமேல் வைத்தால் குளமாகிவிடும். அதன் பிரச்சினை வேறு: தனிச் சுரங்கம் கிடையாது. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போது அங்கே சுற்றிவரும் நீர்மத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அதில் மிகப் பெரும் பங்கு சீனாவிடம். 2023 ஆகஸ்டில் காலியம் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியதும் சிப் உலகம் பதறியது இதனால்தான்.

புராஜெக்டுக்கு எதை எடுப்பது என்று அடுத்து கேட்பீர்கள். டவர் உபகரணங்களிலும் ரேடாரிலும் இப்போது காலியம் நைட்ரைடு வேகமாக இடம் பிடிக்கிறது. அதன் ஆற்றல் இடைவெளி 3.4 எலக்ட்ரான் வோல்ட், அதிக வோல்டேஜையும் சூட்டையும் தாங்கும். ஆனால் அந்த டிரான்சிஸ்டர்கள் தம் முழுத் திறமையைக் காட்ட 28 முதல் 50 வோல்ட் வரை கேட்கும். போன் பேட்டரியில் இருப்பதோ 3.7 வோல்ட். அதனால் போனுக்குள் காலியம் ஆர்சனைடை இன்னும் யாராலும் சுலபமாக நகர்த்த முடியவில்லை. பவர் ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஆர்வம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். ஒளி பக்கம் என்றால் விக்சலிலிருந்து தொடங்குங்கள்.